பொதியில் வந்த கல்

வியாழக்கிழமைப் பேருந்து
வில்லா ஊனியோனிலிருந்து கொண்டுவந்தது
ரொட்டி, டீசல் வடிகட்டி, எனக்கொரு பொதி.
பிரிக்கும் முன்பே கனம் சொல்லிவிட்டது:
இன்னொரு கல்.

கூடவே கடிதம், ரொசாரியோவிலிருந்து.
"எடுத்தது என் கணவர் அன்செல்மோ.
பையில் ஒன்றுமில்லை என்று
காவலரிடம் சொன்னது நான்.
பால்கனிக் கதவு அடித்துக்கொள்ளாமல்
இருபத்தாறு வருடம் முட்டுக் கொடுத்தது.
போன மாதம் அவர் இறந்துவிட்டார்.
கதவை இப்போது நான் திறப்பதில்லை.
பாதம் செதுக்கிய பாறைக்குப் பக்கத்தில் எடுத்தோம்.
இடமா வலமா, நினைவில்லை."

தலம்பாயாப் பூங்காவில் விதி எளிது:
கிடந்த இடம் தெரியாத கல்லைத்
திருப்பி வைக்கக் கூடாது.
பதிவேட்டில் ஓர் எண்,
அலுவலகத்தின் பின்புறம் குவியலில் ஓர் இடம்.
இது இருநூற்றுப் பன்னிரண்டு.
ஆனாலும் அன்றைய சுற்றுக்கு
மடியில் வைத்துக்கொண்டு வண்டியேறினேன்.
எவரிஸ்தோ ஒருமுறை பார்த்தான்.
கியரை மாற்றினான்.

வறண்ட ஆற்றின் மணல்தான் எங்கள் சாலை.
இரண்டு பக்கமும் சுவர்கள்,
அண்ணாந்தால் தொப்பி விழும் உயரத்துக்குச் சிவப்பு.
மேலே ஒரு காண்டோர்
சிறகை ஒருமுறைகூட அசைக்காமல்
எங்கள் டீசல் செலவைக் கேலி செய்தது.

பாதம் இருக்கும் பாறை கருத்திருக்கும்.
வெயிலும் தூசும் பூசிய கருப்பு.
அதைக் கொத்தி உள்ளிருந்த வெளிறலை எடுத்து
யாரோ வரைந்திருக்கிறார்கள்:
குவானாக்கோக் கூட்டம், ஒரு சுருள், ஒரு பாதம்.
பாதத்துக்கு ஆறு விரல்.
ஒரு குவானாக்கோவுக்கு மூன்றே கால்.
சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள் என்பான் எவரிஸ்தோ.
கீழே மாவரைத்த குழிகள் இருக்கின்றன,
ஆகவே இருக்கலாம்.

அதே பாறையின் ஓரத்தில்
"நீக்கோ" என்று ஆணியால் கீறிய பெயர்.
இன்னும் பளிச்சென்று இருக்கிறது.
இரண்டாயிரம் வருடம் பொறுத்தால்
அவனும் கருத்துவிடுவான்.
அதுவரை என் மாத அறிக்கையில் அவன் ஒரு வரி.

கல்லை இடப்பக்கம் வைத்துப் பார்த்தேன்.
வலப்பக்கம் வைத்துப் பார்த்தேன்.
சட்டைக்குப் பொத்தான் தேடுபவள் போல
ஒவ்வொரு சரிவிலும் பொருத்திப் பார்த்தேன்.
சேரவில்லை.

வானவில் பள்ளத்தாக்குக்குப் போனோம்.
அங்கே மண்ணுக்கு ஒழுங்கே கிடையாது.
பாசிப்பச்சைக்கு மேல் மஞ்சள்,
அதன் மேல் கத்தரிப்பூ நிறம்,
நடுவே சுண்ணாம்புக் கோடு,
எல்லாவற்றையும் ஒரு ஈரலின் நிறம் வந்து மூடுகிறது.
கல்லில் எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
உள்ளிருந்து லேசாக ஊதா எழுந்தது,
உலர்ந்தது, போய்விட்டது.
பாதப் பாறைக்குப் பக்கத்தில் எடுத்ததாக எழுதியிருக்கிறாள்.
இருபத்தாறு வருடத்தில்
நினைவும் இடம் மாறி உட்கார்ந்துவிடும்.
அல்லது அன்செல்மோ அவளிடமும் பொய் சொன்னாரோ என்னவோ.

"வைத்துவிட்டுப் போயேன், யார் பார்க்கப் போகிறார்கள்" என்றான்.
"நான்" என்றேன்.

திரும்பும் வழியில், எதிரொலிக்கும் வளைவில்,
பயணிகளுக்காக நாங்கள் வண்டி நிறுத்தும் இடத்தில்,
பயணிகள் யாரும் இல்லாமல் நிறுத்தினான்.
இறங்கி, தொண்டையைச் செருமி,
"அன்செல்மோ" என்று கத்தினான்.
சுவர் முழுப்பெயராக ஒருமுறை தந்தது,
பிறகு "செல்மோ",
பிறகு "மோ".
நாங்கள் இருவரும் பேசாமல் நின்றோம்.
அவன் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான்.

மாலையில் சோந்தாக் காற்று கிளம்பியது.
நாவில் மணல், ஜன்னலில் மணல்.
குவியலில் கல்லை வைக்கக் குனிந்தபோது
ஒரு பல்லி விருட்டென்று எட்டிப் பார்த்தது.
ஊர் ஊராகப் போய்வந்த கற்களுக்கு நடுவில்
அதற்கு வீடு இருக்கிறது.

பிறகு படிவம்.
எடை: முந்நூற்று நாற்பது கிராம்.
அனுப்பியவர்: எழுதினேன்.
கிடந்த இடம்: தெரியாது.
நிறம்:
பேனா நின்றுவிட்டது.
காலையில் செங்கல், உச்சிவேளையில் எலும்பு,
எச்சிலில் ஊதா,
இப்போது விளக்கடியில்
ரொசாரியோவின் ஒரு வீட்டுத் தரை மெழுகு
ஒரு மூலையில் மட்டும் மினுங்குகிறது.
"சிவப்பு என்று போடு,
பேருந்துக்காரன் ஹாரன் அடிக்கிறான்" என்றான் எவரிஸ்தோ.

சிவப்பு என்று போட்டேன்.